நரம்பு யாருடையது?

ஃபின்லாந்து தேசத்தில் நாலு பேர். ஹெல்சிங்கி நகரத்துச் சிபேலியஸ் அகாதெமியில் செல்லோ படித்தவர்கள். செல்லோ என்றால் வயலினுக்கு அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திவைத்து, வில்லால் இழுக்கிற பெரிய வாத்தியம். நம்ம சினிமாவில் சோகக் காட்சிக்கு அடியில் முனகிக்கொண்டு கிடக்குமே, அதுதான். இந்த நாலு பேரும் 1993இல் சேர்ந்து, மெட்டாலிகா என்கிற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் பாட்டுகளைச் செல்லோவில் வாசிக்க ஆரம்பித்தார்கள். அபோகலிப்டிகா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1996இல் முதல் தொகுப்பு வந்தது. அதில் பாடகன் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, மின்கிதார் கிடையாது. நாலு மரப்பெட்டி, நாலு வில். கேட்ட சனம் அசந்து போனது.

இந்தச் சங்கதிக்கும் நம் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சொல்கிறேன். வண்ணார்பேட்டை டீக்கடையில் ஒரு கல்லூரித் தம்பி இதைச் செல்போனில் போட்டுக் காட்டினான். தாமிரபரணிக் கரையோரக் கிராமம், நம்ம பையன். கேட்டு முடித்ததும், "பாத்தியளா அண்ணே, மெட்டலும் கிளாசிக்கல் ஆயிட்டு" என்றான். தான் கேட்கிற பாட்டுக்கு யாரோ பட்டா எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி அவன் முகத்தில் ஒரு பெருமை. அந்த 'ஆயிட்டு' என்கிற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அப்ப அதுக்கு முன்னால அது என்னவா இருந்தது? அதை ஆக்கி வைக்கிற அதிகாரம் நாலு மரப்பெட்டிக்கு எங்கேயிருந்து வந்தது?

ஹெவி மெட்டல் பிறந்த இடத்தை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் பர்மிங்காம். இரும்பும் தகடும் அடித்து வயிறு வளர்த்த நகரம். அங்கே ஆஸ்டன் பகுதித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் 1968இல் சேர்த்த குழுதான் பிளாக் சாபத். அதில் கிதார் வாசித்தவர் டோனி அயோமி. பதினேழு வயதில் தகட்டு ஆலையில் வேலை. வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலது கையில் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் வாங்கிக்கொண்டது. அவர் இடது கையால் மீட்டுகிறவர். நரம்பை அமுக்க வேண்டியது அந்த வலது கைதான். முடிந்தது கதை என்று கிடந்தவருக்கு ஆலையின் மேலாள் ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னாராம். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928இல் வண்டிவீடு தீப்பிடித்து இரண்டு விரல் முடங்கிப்போனவர். மிச்ச விரல்களால் ஐரோப்பாவே வியக்க வாசித்தவர். அவர் ரோமா இனத்தவர். இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று மொழியியலார் சொல்கிற, ஐரோப்பா முழுக்க ஊருக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட சனம்.

அயோமி என்ன செய்தார்? பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி அறுந்த விரலுக்குத் தொப்பி செய்தார். வழுக்காமல் இருக்க அதன்மேல் தோல்துண்டை ஒட்டினார். நரம்பு வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார். பிறகு சுருதியையே இறக்கி, கம்பியைத் தளர்த்திக் கட்டினார். 1971இல் வந்த தொகுப்பில் அந்த இறங்கிய சுருதியைக் கேட்கலாம். இன்றைக்கு உலகம் முழுக்க 'ஹெவி' என்று சொல்கிற அந்தக் கனத்தில் பெரும்பங்கு ஓர் ஆலைத் தொழிலாளியின் அறுபட்ட விரலிலிருந்து வந்தது. சத்தம், கூச்சல், பேய்ப்பாட்டு என்று அன்றைக்குக் கனவான்கள் சொன்னது இதைத்தான்.

இப்ப இசைக்குள்ளே போவோம். மெட்டல் கிதாரில் அதிகம் அடிக்கிற சேர்க்கை எது தெரியுமா? ஸவும் பவும். அவ்வளவுதான். ஒலியைச் சிதைத்துக் கரகரக்க வைக்கும்போது காந்தாரத்தைச் சேர்த்தால் சேறு மாதிரி குழம்பும். ஸ-ப மட்டும் தெளிவாக நிற்கும். நம்ம கச்சேரி மேடையில் பின்னால் ஒருத்தர் தம்புரா மீட்டிக்கொண்டே இருக்கிறாரே, அதுவும் ஸ-பதான். அந்தத் தம்புராவின் குதிரையில், நரம்புக்கு அடியில், சின்ன நூல்துண்டு ஒன்று வைத்திருப்பார்கள். எதுக்கு? நரம்பு குதிரைமேல் லேசாக உரசி, ரீங்காரமாக, கரகரப்பாக ஒலிக்கத்தான். மின்சாரத்தால் செய்தால் இரைச்சல், நூலால் செய்தால் நாதம்!

இன்னொன்று. பிளாக் சாபத்தின் 1970 தொகுப்பில், குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டு, ஸவுக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நடக்கிறது. மேற்கத்திய இசைப் பண்டிதர்கள் அதை இசையில் உள்ள சாத்தான் என்று இலத்தீனில் பெயர் வைத்து அழைத்தார்கள். நம்ம 72 மேளகர்த்தாவில் 37 முதல் 72 வரை பிரதி மத்தியமம்தான். சரிபாதி. அங்கே சாத்தான், இங்கே கல்யாணி. ஒரு ஒலி தெய்வமா பேயா என்பதை ஒலி முடிவு செய்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பெயர் வைக்கிறவர் முடிவு செய்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

செல்லோவில் மெட்டல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரணமாகச் சுருதி கூட்டிய கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 அதிர்வு. செல்லோவின் தடித்த கம்பி 65. அதற்கும் கீழே போகிற வாத்தியம் அது. வில்லைக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தினால் மின்சாரம் இல்லாமலே கரகரக்கும். அந்த நாலு பேரும் செல்லோவுக்குள் புதிதாக எதையும் திணிக்கவில்லை. அதன் வயிற்றுக்குள்ளேயே கிடந்த உறுமலை வெளியே எடுத்தார்கள். அகாதெமிக்காரன் அதுவரைக்கும் எடுக்காமல் வைத்திருந்தான். அதனால் அவர்கள் செய்தது நல்ல காரியம். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மரியாதை யாருக்குப் போனது? 'அட, மெட்டலிலும் இசை இருக்கிறதே' என்றுதான் பெரிய மனிதர்கள் சொன்னார்கள். 'செல்லோவுக்குள் இத்தனை காலம் இந்த உறுமலை அடைத்து வைத்திருந்தோமே' என்று எவரும் சொல்லவில்லை.

நம்ம சீமைக்கு வருவோம். இதே மாதிரி வேலை இருநூறு வருசத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் வீணைக்காரர். வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்டு வாசித்த மெட்டுகளை எடுத்து, அதற்குச் சமஸ்கிருத வார்த்தை போட்டுப் பாட்டாக்கினார். நோட்டுஸ்வரம் என்று பெயர். பிரிட்டிஷ் ராசாவுக்கு வாழ்த்துப் பாடுகிற மெட்டும் அதில் ஒன்று. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரனிடமிருந்து வயலினைக் கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக இருந்தார். அண்ணன் 1835இல் இறந்ததும் எட்டயபுரத்தில்தான். அந்த எட்டயபுரம் நம்ம பழைய திருநெல்வேலிச் சீமைக்குள்ளேதான் இருந்தது.

கவனியுங்கள் தோழர்களே. கடல் கடந்து வந்த வயலின். பட்டாளத்துக்காரன், கப்பல்காரன் மதுக்கடையில் இழுத்த வயலின். இரண்டு மூன்று தலைமுறைக்குள் சபா மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஸ்ரீநிவாஸ் என்கிற சின்னப்பையன் மின்மாண்டலினோடு வந்தான். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு தலையில் தூக்கி வைத்தார்கள். கிதார் வந்தது, சாக்ஸபோன் வந்தது. எல்லாத்துக்கும் இடம் இருந்தது. ஈராயிரம் வருசமாக இங்கேயே கிடக்கிற பறைக்கு மட்டும் பாய் விரிக்க ஆளில்லை. அந்நிய வாத்தியம் உள்ளே, அடுத்த தெரு வாத்தியம் வெளியே.

காரணம் கேட்டால், பறை தோல், செத்த மாட்டுத் தோல் என்பார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம். ஐரோப்பாவில் வயலினுக்கும் செல்லோவுக்கும் நூற்றாண்டுக் கணக்காகக் கட்டிய நரம்பு ஆட்டுக் குடல். எஃகும் நைலானும் பின்னால் வந்தவை. வில்லில் இழுபடுவது குதிரை வால்மயிர். மரத்தை ஒட்டுகிற பசை தோலைக் காய்ச்சி எடுத்தது. மிருதங்கத்தைச் சொல்லவே வேண்டாம்: மாடு, எருமை, ஆடு, மூன்றின் தோலும் அதில் உண்டு. அதைச் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020இல் அதை வெளியிட இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா கடைசியில் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு ஆசிய இதழியல் கல்லூரியில் வெளியீடு நடந்தது. தோல் உள்ளே வரலாம், தோலின் கதை உள்ளே வரக்கூடாது.

தமிழுக்கு இந்த வேசம் தெரியாது. நம்ம ஆட்கள் கருவிகளைப் பிரித்தபோது தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று பிரித்தார்கள். 'தந்தி' என்கிற வடசொல் பிறகு வந்தது. நரம்பு என்றால் என்ன? உடம்புக்குள் ஓடுவது. அந்தச் சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. யாழின் பத்தர்மேல் தோல் போர்த்தியிருந்ததைப் பொருநராற்றுப்படை விவரிக்கிறது. அந்த யாழை வாசித்தவன் பாணன். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நாலு குடியை ஒரே மூச்சில் வரிசைப்படுத்துகிறது. நரம்புக்காரனும் தோல்காரனும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பிறகுதான் பிரித்தார்கள். பிரித்த பிறகு பாணனுக்கு என்ன கதி? திருப்பாணாழ்வார் கதையைக் கேளுங்கள். கையில் வீணையோடு காவிரிக்கரையில் பாடிக்கொண்டு நின்றவரைத் தண்ணீர் எடுக்க வந்தவர் ஒதுங்கச் சொல்லி, கல்லால் அடித்தாராம். குருபரம்பரைக் கதையே இப்படித்தான் சொல்கிறது. கையில் நரம்புக்கருவி இருந்தும் கல் விழுந்தது. ஆகவே தம்பி, நரம்பு மரியாதை தரும் என்று நம்பாதே. மரியாதையும் கல்லும் வாத்தியத்தைப் பார்த்து வருவதில்லை, அதைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்து வருகின்றன.

மெட்டல் உயர்ந்த இடத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களுக்குள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. சிங்கப்பூரில் ருத்ரா என்று ஒரு மெட்டல் குழு. 1992இல் தொடங்கியது. அதில் தமிழ்ப் பிள்ளைகள். நல்ல வாசிப்பு, அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் இசைக்கு வைத்துக்கொண்ட பெயர் 'வேதிக் மெட்டல்'. சமஸ்கிருதச் சுலோகங்களை உறுமலோடு சொல்கிறார்கள். 2001இல் வந்த தொகுப்புக்குப் பெயர் 'தி ஆரியன் குருசேட்'. ஆரியன் என்றால் மேன்மையானவன் என்கிற பொருளில்தான் என்று அவர்கள் விளக்கம் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் வேதம் சூத்திரன் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்மசூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. ஈயமும் கன உலோகம்தான். நமக்குத் தெரிந்த முதல் ஹெவி மெட்டல் அது. ஆலைத் தொழிலாளி மேலாளை நோக்கி எழுப்பிய சத்தத்தை எடுத்து, நம் காதை அடைத்த வேதத்துக்கு ஒலிபெருக்கியாக வைப்பதென்றால், அதற்கு மெட்டல் எதுக்கு?

இவ்வளவு சொன்னதும் நம் தோழர்களில் சிலர், "அதான் சொல்லுதோம், நம்ம பிள்ளைக பறையத்தான் எடுக்கணும், வயலின் கிதாரெல்லாம் எதுக்கு" என்பார்கள். இதையும் நான் ஒப்ப மாட்டேன். பறையை விடுதலைக் கலையாக மேடையேற்றியது நம் இயக்கத்தின் பெரிய வேலை. கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் அதற்காகவே உழைத்தார்கள். அதே நேரத்தில், சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்த அப்பன்மாரும் நம்ம ஆட்கள்தான். அவர்கள் கீழே வைத்தது கலையை இல்லை, கட்டாயத்தை. அவர்களுடைய பேரன் இன்றைக்கு மின்கிதார் கேட்கிறான், வயலின் கேட்கிறான் என்றால், 'உனக்கு எழுதி வைத்தது தோல்தான்' என்று சொல்ல நாம் யார்? தோல் இந்தச் சாதிக்கு, நரம்பு அந்தச் சாதிக்கு என்று பிரித்தது அவர்கள் போட்ட கோடு. அந்தக் கோட்டுக்கு நாமே வர்ணம் பூசி, பண்பாடு என்று பெயர் வைக்கக்கூடாது.

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986இல் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைக் கொண்டுவந்தார். பாக்கையும் தியாகராஜரையும் வயலின்களின் வழியே எதிரெதிரே உட்கார வைத்தார். 2025 மார்ச் 8இல் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது அவர் விருப்பம், நமக்கு அதில் வேலையில்லை. நரம்புக்குச் சாதி இல்லை என்பதை எந்த மேடைப்பேச்சையும்விட அந்த வயலின்கள் சத்தமாகச் சொல்லியிருக்கின்றன. இன்னொரு பக்கம், 2018 ஜனவரியில் சென்னையில் முதல்முறை மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. கானா, பறை, கிதார் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. அங்கே பறை கிதாரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. கிதார்தான் பறையின் நடைக்குத் தன் நடையை மாற்றிக்கொண்டது. எனக்கு வேண்டியது அந்த நிற்றல்தான்.

நம்ம ஆற்றங்கரையிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சுடலைமாடன் கொடைக்குக் கணியான் கூத்து கேட்டிருப்பீர்கள். தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடம் பேசும்போது நடுச்சாமத்தில் வயலைத் தாண்டி அடுத்த ஊர் எழுந்து உட்காரும். அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு. அந்த வில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் வில். அதில் மணிகள். வில் ஒரு மண்குடத்தின் மேல் நிற்கிறது. புலவர் இரண்டு வீசுகோலால் நாணை அடிக்கிறார். மீட்டுவது இல்லை, வருடுவது இல்லை, அடி. ஒவ்வொரு அடிக்கும் மணி அத்தனையும் சிலிர்க்கிறது, குடம் அடிவயிற்றில் உறுமுகிறது. நாண் எதனால் ஆனது? முறுக்கிய தோல். தோலே நரம்பாகி, நரம்பே தாளமாகி நிற்கிற வாத்தியம். செல்லோக்காரர்கள் 1993இல் கண்டுபிடித்ததை, நரம்பைக் கொட்டு மாதிரி அடித்து உறும வைக்கலாம் என்பதை, நெல்லையிலும் குமரியிலும் சனங்க எத்தனையோ தலைமுறையாகக் கொடைக்குக் கொடை கேட்டுவருகிறார்கள். ஆனால் அதை நரம்பிசை என்று எந்தச் சபாவும் அழைத்துக் கச்சேரி வைத்ததில்லை, 'கிராமியம்' என்று ஒரு ஓரத்தில் பாய் போடுவார்கள். சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகம் வில்லைத் தோளில் சுமந்து உலகமெல்லாம் போய் வந்தார். பத்மஸ்ரீ வந்தது 2021இல், அவர் தொண்ணூறைத் தாண்டிய பிறகு. மறு வருசம் இறந்துபோனார்.

ஆகவே மாணவத் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். வீணையில் மெட்டல் வாசிக்க ஆசையா, வாசி. வயலினில் உறும வேண்டுமா, உறுமு. மாவட்ட அரசு இசைப்பள்ளி நெல்லையிலும் இருக்கிறது. மிருதங்கம், நாதசுரம், தவிலோடு வயலினும் அங்கே பாடம். அது நம் வரிப்பணத்தில் நடக்கிற பள்ளி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன்: தன் கணக்கில் உள்ள பணத்தைக் கேட்கவே நம்ம சனம் கூச்சப்பட்டு நிற்கிறது. இசைப்பள்ளி வாசலில் அப்படி நிற்காதே. விண்ணப்பம் வாங்கி, பெயரை எழுதி, உள்ளே போய் உட்கார்.

கற்றுக்கொண்டு வந்த பிறகு அந்த வயலினை நேரே சபாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. முதலில் ஊருக்குக் கொண்டு வா. கொடை நடக்கிற இரவில் வில்லுக்குப் பக்கத்தில் உட்கார். மகுடம் அடிக்கிற மாமாவிடம் எந்தச் சுருதி என்று கேட்டு, அதற்கு உன் நரம்பை இறக்கிக் கட்டு. இதுவரைக்கும் நம்ம வாத்தியம்தான் மேலே ஏறி, கழுவித் துடைத்து, அவர்கள் சுருதிக்குச் சேர வேண்டியிருந்தது. ஒருதரமாவது வயலின் இறங்கி வந்து நம்ம சுருதிக்குச் சேரட்டும். அப்படிச் சேர்ந்தால் என்ன ஒலி வரும் என்று எனக்குக் கேட்க ஆசை. அதற்கு என்ன பேர் வைப்பது என்பதையும் வாசிக்கிறவர்களே முடிவு பண்ணட்டும்.